ஆடாத நினைவகம்



1981 மார்ச்சில் பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் இசட்எக்ஸ்81 என்ற வீட்டுக் கணினியை 69.95 பவுண்டுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நினைவகம் வெறும் 1 கிலோபைட். அதிலும் திரைக்குப் பங்கு உண்டு. போதாதவர்கள் 16 கிலோபைட் ரேம் பெட்டி வாங்கிக் கணினியின் பின்புறம் செருகினார்கள். அதை இறுக்கத் திருகு கிடையாது. விசையை அழுத்தும்போது பெட்டி சற்று ஆடினாலே இணைப்பு விட்டுப்போகும். கேசட்டில் பதிந்து வைக்காத நிரல் அத்தனையும் போய்விடும். மணிக்கணக்கான உழைப்பு வீண்! மெமோடெக் நிறுவனமோ கணினியின் முதுகோடு பொருந்தும் பெட்டிகளை 64 கிலோபைட் வரை விற்றது.

பழைய கணினி சேகரிக்கும் பிள்ளைகளே, கொள்ளளவை அப்புறம் பாருங்கள். மின்சாரத்தை அணைத்து, இணைப்பு முனையைத் துடைத்துச் செருகி, பெட்டி ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்காத 64-ஐவிட நிலைத்து நிற்கும் 16 மேல்.