மறைந்த யாழும் மீண்ட ஒலியும்

தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் இசையானது வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே தொன்றுதொட்டு விளங்கி வருகின்றது. தஞ்சைப் பெருவுடையார் திருமுன்பு திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் முதலாம் இராசராச சோழன் நியமித்த செய்தியை அக்கோயிற் கல்வெட்டு இன்றும் உரைத்து நிற்கின்றது. கல்வெட்டுக் கருவியின் பெயரைக் காக்கும். அதன் ஒலியைக் காக்க வல்லதன்று. கைமரபு அற்றுவிடின் பெயர் மட்டுமே எஞ்சும். இதற்குத் தக்க சான்றாவது யாழ் என்னும் பழந்தமிழ்க் கருவியின் வரலாறு.

திருஞானசம்பந்தப் பெருமானுடன் திருத்தலங்கள்தோறும் சென்று, அவர் அருளிய பதிகங்களை யாழிலிட்டு வாசித்த பெருந்தொண்டர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். திருத்தருமபுரத்தில் அருளப்பெற்ற யாழ்முரிப் பதிகம் கருவியில் அடங்காமை கண்டு, அவர் தம் யாழையே முறிக்கப் புகுந்ததும், பிள்ளையார் தடுத்தருளியதும் அன்பர் யாவரும் அறிந்தவை. இத்துணைச் சிறப்புடைய யாழ் பிற்காலத்தே வழக்கொழிந்தது. யாழும் வீணையும் ஒன்றே என்று கருதுவாரும் உளராயினர். ஆயின், திருப்பள்ளியெழுச்சியில் மாணிக்கவாசகப் பெருமான் வீணையரையும் யாழினரையும் வேறு வேறாகவே எடுத்தோதினமையின், இவை இரண்டு கருவிகள் என்பது தெளிவு.

அங்ஙனமாயின் யாழின் வடிவம் யாது? அதன் ஒலி எத்தகையது? இவ்வினாக்களுக்கு விடை காணத் தம் வாழ்நாளிற் பல்லாண்டுகளைச் செலவிட்டவர் விபுலாநந்த அடிகளார். 1892-ஆம் ஆண்டு ஈழத்து மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவிற் பிறந்து, இராமகிருட்டிண சங்கத்துத் துறவு பூண்ட இப்பெரியார், தமிழ்ப் புலமையோடு கணிதமும் அறிவியலும் கற்றுத் துறைபோயவர். அவர் மேற்கொண்ட ஆராய்ச்சிக்கு இவ்விருவகைக் கல்வியும் இன்றியமையாதனவாயின.

முதற்சான்று இலக்கியம். பொருநராற்றுப்படை யாழின் பத்தரை மானின் குளம்பு பதிந்த சுவட்டிற்கும், அதன்மேற் போர்த்த தோலை விளக்கின் சுடர் நிறத்திற்கும் ஒப்பிடுகின்றது. பெரும்பாணாற்றுப்படை, நரம்பினை இறுக்கிக் கட்டும் திவவுகளை மகளிர் முன்கை வளையல்களுக்கு உவமை கூறுகின்றது. பேரியாழுக்கு 21 நரம்பும், செங்கோட்டி யாழுக்கு 7 நரம்பும் உரையாசிரியர்களால் கூறப்பட்டுள்ளன. இரண்டாவது சான்று சிற்பம். அமராவதி முதலிய இடங்களிற் காணப்படும் பழஞ்சிற்பங்களில், வில்லைப்போல் வளைந்த கோடும் அதனின்று பத்தரை நோக்கி இழுத்துக் கட்டிய நரம்புகளும் உடைய கருவி செதுக்கப்பட்டுள்ளது. பர்மா நாட்டில் இன்றும் வாசிக்கப்பெறும் சவுங் என்னும் கருவியும் இவ்வினத்ததே; படகு போன்ற பத்தரும் மான்தோற் போர்வையும் உடையது.

மூன்றாவது சான்று கணிதம். வீணையில் ஒரே தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்புவர். யாழிலோ ஒரு நரம்புக்கு ஓர் இசையே உண்டு. இதனாலேயே தமிழர் தந்தியையும் சுரத்தையும் நரம்பு என்னும் ஒரு சொல்லாற் குறித்தனர். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் அதே இசை மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கின் குரலுக்குக் கிளையாகிய இளி பிறக்கும். இவ்வளவுகளைக் கொண்டு, சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் இசைமுறைக்கு அடிகளார் விளக்கங் கண்டார். நூலும் சிற்பமும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, மறைந்த கருவி மீண்டும் உருப்பெறலாயிற்று. இவ்வாராய்ச்சியின் பயனே யாழ்நூல். அதன்கண் தேவாரப் பண்களுக்கெனத் தேவாரவியல் என்னும் ஒரு பகுதியை அடிகளார் அமைத்தமை சைவவுலகம் என்றும் நினைந்து போற்றற்குரியது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947-ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆகிய நாட்களில் இந்நூல் அரங்கேறிய இடம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில் ஆகும். ஆற்று வெள்ளத்தில் ஓடக்காரரின்றி நின்ற ஓடத்தைச் சம்பந்தப் பெருமான் பதிகம் பாடிச் செலுத்தியருளிய தலம் அது. அடிகளார் அமைத்த முளரியாழ் முதலிய கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பெற்றன. சிவானந்தம் பிள்ளை அவர்கள் யாழை மீட்டி இசை பொழிந்தார். பதிகத்துக்கு இசைந்து பழங்காலத்தே ஒலித்த கருவி, பதிகம் பெற்ற தலத்திலேயே மீண்டும் ஒலித்தது எத்துணைப் பொருத்தம்! நலிவுற்ற உடலோடு அவ்விழாவிற் கலந்துகொண்ட அடிகளார், அதே ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் இறைவன் திருவடி எய்தினார்.

அவருக்குப் பின்னரும் இம்முயற்சி நின்றுவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் சென்னையிற் கைவினைஞர்கள் யாழைப் புதிதாக வடித்து, அதன் ஒலியைப் பதிவுசெய்தும் வெளியிட்டுள்ளனர். எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. நீளமும் சுருதியும் கணக்கிற்கு அகப்படும். யாழ்ப்பாணர் திருவிரல்கள் நரம்பை வருடிய பான்மையோ எந்தக் கணக்கிற்கும் அகப்படாது. ஆசிரியர் கையினின்று மாணவர் கைக்கு வருவதொன்றே அதனைக் காக்கும் நெறியாகும். அந்நெறி ஒருமுறை அறுந்தமையால், ஒரு பேரறிஞர் தம் வாழ்வையே செலவிட்டுத் தேட வேண்டியதாயிற்று.

திருவாரூர்ப் பஞ்சமுக வாத்தியம் முதலாக நம் கோயில்களில் எஞ்சியுள்ள கருவிகள் பல. அவற்றை முழக்குவோரும், தேவாரம் ஓதுவோரும், நாகசுரம் வாசிப்போரும் தத்தம் மரபுகளை அரிதிற் காத்து வருகின்றனர். கோபுரம் புதுக்குவதும் கலசம் நிறுவுவதும் பெரும் புண்ணியம். இறைவன் செவிமடுக்கும் இசையை இளைஞர்க்குப் பயிற்றுவித்தலும் அதனோடொத்த திருப்பணியே. ஏழிசையாய் இசைப்பயனாய் விளங்கும் இறைவன் திருமுன்பு பண்ணிசையும் கருவியிசையும் இடையறாது ஒலிக்கத் திருவருள் துணைபுரிவதாக.