வட்டத்தொட்டி: ஒரு வீட்டு முற்றத்தின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தமிழ் வளர்ச்சியைச் சங்கங்களின் வரலாறாக எழுதுவது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கம். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் அவ்வரலாற்றின் தூண்களாகப் போற்றப்படுகின்றன. அது பொருத்தமே. அவற்றுக்குக் கட்டடம் உண்டு, நூலகம் உண்டு, 'செந்தமிழ்', 'தமிழ்ப்பொழில்' என்னும் இதழ்கள் உண்டு. ஆய்வாளர் கைக்கு எளிதில் எட்டும் சான்றுகள் இவை. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஓர் அமைப்பு 1924ஆம் ஆண்டளவில் திருநெல்வேலியில் உருவாயிற்று. அதற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை, தீர்மானங்கள் இல்லை, நடவடிக்கைக் குறிப்பேடும் இல்லை. அதனாலேயே வரலாற்று நூல்கள் அதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. 'வட்டத்தொட்டி' என்பது அதன் பெயர்.

தென்பாண்டி நாட்டு வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றமும், அதனைச் சூழத் தாழ்வாரமும் அமைவதுண்டு. இதனைத் தொட்டிக்கட்டு என்பர். நெல் காய்வதும், குழந்தைகள் விளையாடுவதும், விருந்தினர் அமர்ந்து பேசுவதும் அங்கேதான். தாமிரபரணிக் கரையிலுள்ள வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் வட்டமாக அமைந்திருந்த அத்தகைய தொட்டிக்கட்டில், ஞாயிறுதோறும் மாலை வேளையில் நண்பர்கள் சிலர் கூடினர். கூடிய இடமே கூட்டத்தின் பெயராயிற்று. பெயர் சூட்டும் விழா ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. நடந்திருந்தால் அது வட்டத்தொட்டியாக இருந்திராது.

1882இல் பிறந்த டி.கே.சி., சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று சட்டமும் கற்றவர். வழக்கறிஞர் தொழில் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. 1927இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகிச் சென்னைக்குப் பெயர்ந்தார். 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலைய ஆணையராகப் பணிபுரிந்தார். பின் நெல்லைக்கு மீண்டார். இறுதிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து, அங்கேயே 1954 பிப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார். அவர் சென்ற இடமெல்லாம் வட்டத்தொட்டியும் உடன்சென்றது எனலாம். சாரல் காலத்துக் குற்றாலத்தில் அவர் இல்லம் ஓயாத விருந்தினர் கூடமாயிற்று. இராஜாஜியும் கல்கியும் அங்கு வந்து தங்கியோருள் குறிப்பிடத்தக்கவர்.

இத்தகைய ஒரு கூட்டம் அந்நாளில் ஏன் தேவைப்பட்டது என்பது எண்ணத்தக்கது. அக்காலக் கல்லூரிகளில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. வழக்கறிஞரும் வருவாய்த்துறை அலுவலரும் ஷேக்ஸ்பியரையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் அறிந்திருந்தனர். தமிழோ அவர்களுக்கு அடுப்பங்கரையிலும் கடைவீதியிலும் பேசும் மொழி. மறுபுறம், தமிழ் கற்ற புலவர்கள் பாடலை அணுகிய முறை வேறு. பதம் பிரித்தல், சொற்பொருள் கூறல், இலக்கணக் குறிப்பு வரைதல் என்ற வரிசையில் பாடம் நடக்கும், மணி அடிக்கும், பாடல் என்ன ஆயிற்று என்று எவரும் வினவமாட்டார். இவ்விரு உலகங்களுக்கும் இடையே வீடு என்ற ஒன்று இருப்பதை டி.கே.சி. கண்டுகொண்டார். தமிழ் பயிற்றுமொழியாக வேண்டும் என்று அவர் மேடைகளில் வாதிட்டதற்கும், ஞாயிறு மாலையில் நான்கு பேரோடு அமர்ந்து ஒரு வெண்பாவைப் பாடிக்காட்டியதற்கும் வேர் ஒன்றே.

வட்டத்தொட்டியின் முறை மிக எளியது. ஒரு மாலைப்பொழுதுக்கு ஒரு பாடலோ இரண்டோ போதும். கம்பர் பாடலாக இருக்கலாம், திருக்குறளாக இருக்கலாம், ஒரு தனிப்பாடலாகவும் இருக்கலாம். டி.கே.சி. அதனை உரக்கப் படிப்பார்; ஓரடியை மீண்டும் படிப்பார்; சொல் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது, பேச்சில் எந்தச் சொல் அழுத்தம் பெறும், பாட்டில் அது பெறுகிறதா என்று காட்டுவார். பாடலின் உருவமும் லயமும் உணர்ச்சியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றனவா என்பதே அவர் கேள்வி. பொருள் தானே விளங்கும் வரை காத்திருப்பார். அகராதியைத் தேடி எழவேண்டிய தேவை பெரும்பாலும் நேராது. கேட்பவர் தம் வீட்டில் அன்றாடம் கேட்ட பேச்சின் சாயலைக் கம்பனில் கண்டபோது அடைந்த வியப்பே அங்கு நிகழ்ந்த கல்வி.

இதற்கு முத்தொள்ளாயிரம் நல்ல சான்று. முழுநூல் மறைந்து, புறத்திரட்டின் வழி நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களே எஞ்சிய நூல் அது. அவ்வெண்பாக்களைத் தேடி அச்சேற்றியது மதுரைச் சங்கம் சார்ந்த புலமை மரபு. அம்மரபின் உழைப்பு இல்லையேல் டி.கே.சி.க்குச் சுவைக்கப் பாடல் கிடைத்திராது. ஆயினும் அச்சேறிய பின்னரும் அந்நூல் புலவர் அலமாரியிலேயே உறங்கிற்று. மூவேந்தர்மேல் காதல் கொண்ட பெண்களின் பேச்சாக அமைந்த அப்பாடல்களை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரலைக் கேட்பதுபோலக் கேட்கச் செய்தது டி.கே.சி.யின் விளக்கம். தேடித் தந்தவரையும் திறந்து காட்டியவரையும் எதிரெதிர் நிறுத்துவது இலக்கிய வரலாற்றுக்கு அழகன்று.

கூடியவர் யார்? பெரும்பாலோர் அலுவலும் குடும்பமும் உடையவர்கள். வருவாய்த்துறையில் பணியாற்றிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், பின்னாளில் 'வேங்கடம் முதல் குமரி வரை' என்ற கட்டுரைத் தொடரால் கோயிற்கலையை வாசகர் பலருக்கு அறிமுகம் செய்தார். எஸ். மகாராஜன் உயர்நீதிமன்ற நீதிபதியானார்; ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் தந்தார். ஆங்கிலப் பேராசிரியரான அ. சீனிவாசராகவன், 'வெள்ளைப் பறவை' கவிதை நூலுக்காக 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஒருவர் சாயல் மற்றவரிடம் இல்லை. ஒரே முற்றத்தில் அமர்ந்தவர்கள் கலை, சட்டம், கவிதை எனத் தத்தம் வழியே சென்றனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களுக்குத் தமிழகம் முழுதும் செவி திறந்ததிலும் டி.கே.சி.க்குப் பெரும்பங்கு உண்டு. சா. கணேசன் காரைக்குடியில் 1939இல் தொடங்கிய கம்பன் விழாவின் முதல் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமையேற்றவரும் அவரே. முற்றத்தில் நால்வர் கேட்ட கம்பனைப் பந்தலில் ஆயிரவர் கேட்கலாயினர். பந்தலில் கிடைத்ததும் பெரிதே. முற்றத்தில் கிடைத்த நெருக்கம் பந்தலில் கிடைக்கவில்லை என்பதும் உண்மையே.

புகழுரையோடு நின்றுவிடுதல் தகாது. வட்டத்தொட்டி ஒருவரைச் சுற்றிய வட்டம். அவருடைய செவியே அதன் அளவுகோல். அச்செவி மறுத்த பாடலுக்காக அங்கு வழக்காடியோர் குறைவு. இதன் விளைவு கம்பன் பதிப்பில் வெளிப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கம்பராமாயணத்தில் மிகப் பலவற்றை இடைச்செருகல் என அவர் ஒதுக்கினார். ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் சொற்களை மாற்றினார். ஏட்டுச் சான்று வேண்டும் என்ற புலவர்களின் கண்டனத்தை அவர் பொருட்படுத்தவில்லை. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளுடன் வெளியிட்ட பதிப்பே ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. ரசனை ஒரு பாடலைத் திறக்கும் திறவுகோலாகலாம். பாடலை எழுதியவர் யார் எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. இவ்விடத்தில் புலவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

டி.கே.சி.யின் ஒரே மகன் தீபன் இளவயதில் மறைந்தபோது, கவிமணி எழுதியனுப்பிய இரங்கற்பாவைப் படித்த தந்தை, துயரின் நடுவிலும் அப்பாடலின் அருமையை வியந்து நின்றார் என்ற செய்தி இன்றளவும் சொல்லப்படுகிறது. இதனை ரசனையின் சிகரம் என்பாரும் உளர். கேட்டு மனம் கூசுவாரும் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பல ஆண்டுகளாகத் தன் மகிழ்ச்சியைப் பாடல் வழியே பகிர்ந்துகொண்ட ஒருவருக்கு, அழுவதற்கும் வேறு மொழி இருந்திராது.

மற்றொரு குறையும் உண்டு, அது டி.கே.சி.யின் குறை மட்டுமன்று. அவ்வில்லத்து விருந்தோம்பலைப் பாராட்டாதார் இல்லை. உணவின் சுவையையும் கவிதையின் சுவையையும் டி.கே.சி. ஒரே சொற்களால் பேசினார் என்பதும் பலர் அறிந்ததே. அந்த உணவு ஓரிடத்தில் சமைக்கப்பட்டது. வந்தவர்க்கெல்லாம் இலை போட்ட அவ்வீட்டின் துணைவியார் பிச்சம்மாளும் பிற பெண்களும், தாழ்வாரத்துக்கு அப்பால் நின்று எதைக் கேட்டனர், எதை ரசித்தனர் என்பதை நினைவுக் குறிப்புகள் போதிய அளவு பதிவுசெய்யவில்லை. முத்தொள்ளாயிரப் பெண்களின் குரலுக்குச் செவிசாய்த்த அவைக்கு அடுப்பங்கரைக் குரலும் எட்டியிருக்கக்கூடும். எழுதி வைத்தார் இல்லை.

குறிப்பேடு வைக்காத வட்டத்தொட்டிக்கு எஞ்சிய ஆவணம் கடிதங்களே. டி.கே.சி. நண்பர்களுக்கு ஓயாமல் எழுதினார். அருவியில் நீர் விழுந்ததும், வீட்டுக்கு வந்தவர் உண்டு மகிழ்ந்ததும், குழந்தை ஒன்று சொன்ன மழலையும், இடையே ஒரு கம்பர் பாடலும் அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நெல்லைப் பேச்சின் மணம் கமழும் அக்கடிதங்களை நண்பர்கள் பாதுகாத்து நூலாக்கினர். முற்றத்துக்கு வர இயலாதவர்க்கு அஞ்சற்காரர் கொண்டுவந்து கொடுத்த வட்டத்தொட்டி அது.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிலிருந்து குற்றாலத்துக்குச் சென்று டி.கே.சி.யின் அன்பைப் பெற்ற இளைஞர்களுள் ஒருவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பைத் தொடராத விவசாயி அவர். கரிசல் மக்களின் பேச்சுத் தமிழை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதியாக வெளியிட்டார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார். தம் ஊரையும் மக்களையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளின் தொகுதி ஒன்றுக்கு 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று பெயர்.