சிறையில் உடம்பு சரியில்லாமல் போனால் என்ன ஆகும்? சட்டம் சொல்வது இதுதான்!

வெளியே இருப்பவருக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கைதியால் அது முடியாது. முதலில் சிறைக் காவலரிடம் சொல்லணும், பிறகு சிறை டாக்டர் பார்க்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா வழிக்காவலுக்கு போலீஸ் வரணும். அவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டால்? அன்றைய ஸ்கேன் அவ்வளவுதான்!

சட்டத்தில் குறை இல்லை. உடம்பு முடியவில்லை என்று கைதி சொன்னால் தாமதமின்றி மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என 1894-ம் ஆண்டு சிறைச் சட்டமே சொல்கிறது. 300 கைதிகளுக்கு ஒரு டாக்டர் என்பது மாதிரி சிறைக் கையேட்டின் கணக்கு. அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை சிறைக் கதவோடு நின்றுவிடுவதில்லை.

ஆனால் நடைமுறை?

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை நினைவிருக்கா? எல்கார் பரிஷத் வழக்கில் 2020 அக்டோபரில் என்ஐஏ கைது செய்தபோது அவருக்கு வயது 83. பார்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது என்ஐஏ. ஒரு ஸ்ட்ராவுக்கு 20 நாள்! 2021 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கு கொரோனா உறுதியானது. ஜாமீன் மனு நிலுவையில் இருந்தபோதே ஜூலை 5-ல் இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை.

இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் அவரைப் போல விசாரணைக் கைதிகள்தான், தண்டனை பெற்றவர்கள் அல்ல.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

சிறையில் சேர்க்கும்போதே மருத்துவப் பரிசோதனை கட்டாயம். சர்க்கரை, பிபி, வலிப்பு என எது இருந்தாலும் பழைய மருந்துச் சீட்டுகளின் நகலை அப்போதே கொடுத்துவிடுங்கள். சிகிச்சை கிடைக்கவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம். அதற்கும் அசைவில்லையா? வழக்கு நடக்கும் கோர்ட்டையே அணுகலாம். நோயாளி என்ற காரணத்துக்காக ஜாமீன் பரிசீலிக்க பிஎன்எஸ்எஸ் 480-வது பிரிவில் வழி இருக்கு. யுஏபிஏ போன்ற வழக்குகளில் மட்டும் அது லேசில் கிடைக்காது.

வக்கீல் வைக்க காசில்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண்: 15100.