மான்கொம்பின் விருத்தாந்தம்

நாய் கடித்து மகிழ மான்கொம்பு கொடுக்கும் வழக்கம் மேல்நாடுகளில் வியாபாரமாகிவிட்ட இக்காலத்தில், அக்கொம்பின் பூர்வ கதையை அறிய விரும்புவோர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாம்பல்தீவிலிருந்து தெற்கே சில மைல் சென்றால், 1624-இல் பறங்கியர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கும் 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, 1803-இல் பிரெடரிக் கோட்டையெனப் பெயர்பெற்ற அரணுக்குள் புள்ளிமான்கள் சுவாதீனமாக மேய்வதைக் காணலாம். ஆண்மான் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்ப்பது இயற்கையே. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கப்பலேறிய கொம்புகள் யாவும் உதிர்ந்தவையென்று நம்புவதற்கில்லை. தோலுக்கும் கொம்புக்குமாக மான்கள் சுடப்பட்டன. 1937-ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அவ்வேட்டைக்குக் கடிவாளமிட்டது.

இனி, நாய்க்குக் கொடுக்கும் கொம்பு எளிதில் சிதறாது என்பது மெய். எனினும் அதன் கடினமே அதன் தோஷம், ஏனெனில் கடைவாய்ப்பல்லைப் பிளக்கவல்லது. நகத்தால் அழுத்தினால் சற்றேனும் பதியாத பண்டம் நாய்ப்பல்லுக்கு ஆகாதென்பது மிருக வைத்தியர் கூறும் பரீட்சை. சமைத்த எலும்போ கூராக முறிந்து குடலைக் கிழிக்கும். எதைக் கொடுப்பினும், வாய்க்குள் முழுதாய் அடங்காத அளவில் கொடுத்து, அருகிருந்து கவனித்து, தேய்ந்து சிறுத்ததும் வாங்கிவிட வேண்டும். உறுமுகின்ற பிராணியிடம் பலாத்காரம் வேண்டாம், முள் நீக்கிய மீன்துண்டொன்றைக் காட்டினால் தானே விட்டுவிடும்.