வெள்ளாற்றுக் கழிமுகமும் கூட்டு இறால் வளர்ப்பும்

லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்துள்ள பேரூராட்சியாகும். எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி உள்ளது. இவ்வூரைக் கடந்து கிழக்கே செல்லும் வெள்ளாறு, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் வங்கக்கடலில் கலக்கிறது. ஒரே ஆற்றின் மேற்பகுதியிலும் கழிமுகத்திலும் மீன் வளர்ப்பு இருவேறு முறைகளில் நடைபெறுகிறது.

ஏரியும் கழிமுகமும்

உள்நாட்டு ஏரிகளில் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவது நெடுங்கால வழக்கம். இதனை மக்கள் பாசி ஏலம் என்பர். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விட்டு வளர்த்துப் பிடிப்பார். ஏரி ஒன்று, பொறுப்பாளரும் ஒருவர். கழிமுகத்தில் நிலைமை வேறு. அங்கே இறால் குட்டைகள் பலருக்குச் சொந்தமானவை. ஆனால் நீர் பொதுவானது. ஒருவர் வெளியேற்றும் கழிவுநீரையே அடுத்தவர் தம் குட்டைக்கு இறைக்க நேரிடுகிறது.

நோயும் வழக்கும்

1990களின் தொடக்கத்தில் தமிழகக் கடலோரத்தில் புலி இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. 1994ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் வெண்புள்ளி நோய் தோன்றியது. இந்நச்சுயிரி நோய் தாக்கிய குட்டையில் சில நாட்களிலேயே பெரும்பாலான இறால்கள் மடிந்துவிடும். தனியொருவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பக்கத்துப் பண்ணையின் நீர் வழியே நோய் நுழைந்தது.

நிலத்தடி நீர் உப்பாவதையும், விளைநிலம் பறிபோவதையும் எதிர்த்து, கிராம சுயராஜ்ய இயக்கத்தைச் சேர்ந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 11 அன்று வெளியான தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையையும் அது வலியுறுத்தியது. பின்னர் 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, பண்ணைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் முறை வந்தது. இவ்வாணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது.

சங்க முறை

சட்டம் எல்லை வகுத்தது; அன்றாட ஒத்துழைப்பை உழவர்களே உருவாக்க வேண்டியிருந்தது. கடல் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும், பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய-பசிபிக் நீருயிரி வளர்ப்பு மையங்களின் வலையமைப்பும் இணைந்து ஆந்திரத்தில் ஒரு முயற்சியைத் தொடங்கின. 2002இல் மேற்கு கோதாவரி மாவட்டம் மொகல்தூரில் சிறு பண்ணையாளர்கள் குழுவாகச் செயல்பட்டனர். இந்த அனுபவத்தின் அடிப்படையில் 2007இல் காக்கிநாடாவைத் தலைமையிடமாகக் கொண்டு நிலைத்த நீருயிரி வளர்ப்புக்கான தேசிய மையம் நிறுவப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட கடலோர மாநிலங்களில் சங்கங்கள் அமைக்க இம்மையம் துணைநின்றது.

ஒரே கால்வாயைச் சார்ந்த பண்ணையாளர்கள் ஒரு சங்கமாகச் சேர்வதே இம்முறையின் அடிப்படை. அவர்கள் பின்பற்றும் நடைமுறைகள்:

1. பரிசோதித்த குஞ்சுகளைக் கூட்டாக வாங்குதல்.
2. ஏறத்தாழ ஒரே நாளில் குஞ்சு விடுதல்.
3. நீர் இறைப்பதையும் வெளியேற்றுவதையும் கலந்து முடிவு செய்தல்.
4. நோய் கண்டால் உடனே பிறருக்கு அறிவித்து, நீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் வெளியேற்றாதிருத்தல்.

இவற்றுள் நான்காவதே கடினமானது. நோயை மறைத்து அவசரமாக அறுவடை செய்பவர் தம் இழப்பைக் குறைத்துக்கொள்ளலாம்; ஆனால் குட்டை நீரைத் திறந்துவிட்டால் கால்வாய் முழுவதும் பாதிக்கப்படும். எனவே சங்கத்தின் வலிமை உறுப்பினர்களின் நம்பிக்கையில் அடங்கியுள்ளது.

இன்றைய நிலை

2009 முதல் வனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் புலி இறாலின் இடத்தை அது பெருமளவு பிடித்தது. இனம் மாறினாலும் நீர்ச் சிக்கல் மாறவில்லை. வடகிழக்குப் பருவமழையில் லப்பைக்குடிக்காட்டைக் கடந்து வரும் வெள்ளம் கழிமுகத்தின் உப்புத்தன்மையைக் குறைக்கிறது. ஆகவே கழிமுகப் பண்ணைகளின் பயிர்க்காலத்தை மேலாற்று நீரையும் கருத்தில் கொண்டே வகுக்க வேண்டியுள்ளது.