பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு காஞ்சிப் பட்டு

கல்கத்தாத் தமிழர் என்றதும் நம் நினைவுக்கு வருவது லேக் மார்க்கெட்டும் ராஷ்பிஹாரி அவென்யூவும்தான். முருங்கைக்காய், வாழைப்பூ, காபிப் பொடி, மார்கழி பஜனை, சபாக் கச்சேரி என்று அது ஒரு தனி உலகம். அங்கிருந்து சற்று வடக்கே போனால் பார்க் ஸ்ட்ரீட். "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒதுக்கி வைத்த தெரு. ஆனால் அந்தத் தெருவின் இசை வரலாற்றை எழுதப் புகுந்தால், ஒரு தமிழ்ப் பெண்ணை விட்டுவிட்டு எழுத இயலாது.

ஜாஸ் இசை இந்நகருக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் கிராண்ட் ஹோட்டலில் வாத்தியக் குழு நடத்தினார். 1945-இல் காலரா கண்டு இங்கேயே மறைந்தார். வெள்ளையர் போன பிறகும் பாட்டு நிற்கவில்லை. 1956-இல் மொக்காம்போ திறந்தபோது அங்கே பாடியவர் பாம் கிரெய்ன். பின்னர் ப்ளூ ஃபாக்ஸில் டார்ஜிலிங்கில் பிறந்த லூயி பாங்க்ஸின் பியானோவோடும், கோவாக்காரர் பிராஸ் கொன்சால்வெஸின் சாக்ஸபோனோடும் அவர் குரல் இழைந்தது. கிதாருக்கு கார்ல்டன் கிட்டோ. ஆங்கிலோ-இந்தியர், கோவாக்காரர், நேபாளியர் எல்லோரும் சேர்ந்து வளர்த்த இசை இது.

இவர்கள் பாடிய 'ஸ்டாண்டர்ட்' என்பது என்ன? நம் கீர்த்தனை போல எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. 1935-இல் அரங்கேறிய ஓர் இசை நாடகத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் அமைத்த 'சம்மர்டைம்' ஓர் உதாரணம். பியானோ, பேஸ், டிரம்ஸ், கூட ஒரு சாக்ஸபோனோ கிதாரோ இருந்தால் போதும், சின்னக் குழு தயார். பாடகி பல்லவியை எடுத்துக் கொடுப்பார்; வாத்தியக்காரர் ஒவ்வொருவராகக் கற்பனையில் விரிப்பார்; கடைசியில் எல்லோரும் பாட்டுக்கே திரும்புவார்கள். நிரவலும் தனி ஆவர்த்தனமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமா என்ன? பாட்டு எந்த ஊரில் பிறந்தாலும், பாடுகிறவருக்கே சொந்தமாகிவிடும். ஸ்டாண்டர்டின் தர்மம் அதுதான்.

இந்தத் தெருவுக்குத்தான் 1969-இல் உஷா வந்தார். 1947-இல் பம்பாயில் தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர்; வீட்டில் சகோதரிகள் எல்லோருமே பாடுவார்கள். முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. கனத்த குரல் என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். சென்னை மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' அரங்கில் புடவையோடு மேடையேறினார். பிறகு பம்பாய், அப்புறம் கல்கத்தா ட்ரிங்காஸ். அங்கேதான் கேரளத்துக்காரரான ஜானி உதுப்பைச் சந்தித்தார்.

உஷாவை ஜாஸ் பாடகி என்று மட்டும் சொல்வது பொருந்தாது. பாப் பாட்டுத்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. ஆனால் அவர் மேடை இந்த இரவு விடுதி மரபில் முளைத்தது. கவுன் அணிந்த பாடகிகளையே கண்டு பழகிய கூட்டத்தின் முன், பட்டுப் புடவை, பெரிய பொட்டு, தலைநிறையப் பூ! மேடைக்கென்று போட்ட வேஷமல்ல. வீட்டில் உடுத்தியதையே உடுத்தினார்.

1970-களில் பார்க் ஸ்ட்ரீட் மங்கத் தொடங்கியது. நக்ஸல் காலத்துக் கலவரம், மின்வெட்டு, கேளிக்கை வரி எல்லாம் சேர்ந்து மேடைகளை ஒவ்வொன்றாக மூட வைத்தன. லூயி பாங்க்ஸ் போன்றவர்கள் பம்பாய்க்குப் போனார்கள். 1980-களில் மாநில அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டை 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீர்கெட்ட கலாசாரம் என்று கண்டித்தார். அரசு அரங்குகள் அவருக்கு மறுக்கப்பட்டன. உஷா ஊரை விட்டுப் போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். மேல்நாட்டுப் பாட்டு என்று ஒரு பக்கம் முகஞ்சுளிப்பு. நம்மவர் வீடுகளிலோ 'க்ளப்பில் பாடுகிற பெண்' என்ற முணுமுணுப்பு. இரண்டு பக்கமும் கேட்டது ஒரே கேள்விதான்: நீ யாருடைய ஆள்? வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி தெரிந்ததே. உஷா வாதம் செய்யவில்லை. காஞ்சிப் பட்டைக் கழற்றவுமில்லை, ஆங்கிலப் பாட்டை நிறுத்தவுமில்லை. நெற்றிப் பொட்டில் வங்காள 'க' எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்.

பாம் கிரெய்ன் 2013-இலும், கார்ல்டன் கிட்டோ 2016-இலும் மறைந்தனர். ஜானி உதுப் 2024-இல் காலமானார். அதே ஆண்டு உஷாவுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. ட்ரிங்காஸில் இன்றும் மேடைப் பாட்டு உண்டு. அடுத்த முறை குழந்தைகளோடு பார்க் ஸ்ட்ரீட் போகும்போது அந்த வாசலைக் காட்டுங்கள். லேக் மார்க்கெட் போலவே இதுவும் நம் கதை நடந்த இடம்தான் என்று சொல்லுங்கள்.