சவர்க்காரமும் வன்னீரும்

கொழுப்பையும் சாம்பற் காரத்தையும் கூட்டிக் காய்ச்சிச் சவர்க்காரம் ஆக்கும் கலை மிகத் தொன்மையானது. ஆயினும், அக்கலத்தினுள் நிகழ்வது யாதென நெடுங்காலம் எவரும் தெளிந்திலர். பிரான்சிய இரசாயன அறிஞர் செவ்ரல், பன்றிக்கொழுப்பிற் செய்த சவர்க்காரத்தை 1811ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கி, 1823இல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டார். கொழுப்புக் காரத்தோடு வெறுமனே கலப்பதில்லை. கொழுப்பமிலங்களாகவும் கிளிசரினாகவும் பிரிகின்றது. அவ்வமிலங்கள் காரத்தோடு கூடி உண்டாகும் உப்பே சவர்க்காரம் என்பது அவர் கண்ட உண்மை.

இதனால், சலவை செய்வோரை வருத்திய பழைய வினாவொன்றுக்கும் தெளிந்த விடை கூற இயன்றது. சில கிணற்று நீரிற் சவர்க்காரம் நுரையாது திரைவதேன்? சுண்ணக்கல்லினூடு ஊறிவரும் நீரிற் கல்சியமும் மகனீசியமும் கரைந்துள்ளன. அவை சவர்க்காரத்திலுள்ள சோடியத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ள, நீரிற் கரையாத புதிய சவர்க்காரம் அழுக்கெனத் திரள்கின்றது. அம்மூலகங்கள் அடங்கிய பின்னரே நுரை எழும். அதுவரை இட்டதனைத்தும் வீண். பிரித்தானியாவில் 1853 வரை சவர்க்காரத்துக்கு வரியும் இருந்தமையால், இவ்விழப்பு வறியோர்க்கு இரட்டைச் சுமையாயிற்று.

அபடீன் நகர்ப் பேராசிரியர் தோமஸ் கிளார்க் அவ்விழப்பையே அளவுகோலாக்கினார். நுரை நிலைப்பதற்கு வேண்டிய சவர்க்காரக் கரைசலின் அளவைக் கொண்டு நீரின் வன்மையைக் கணித்தார். 1841இல் அவர் காப்புரிமை பெற்ற முறையோ வியப்புக்குரியது: சுண்ணம் கரைந்த நீரில் மேலும் சுண்ணாம்பையே இட்டார். கல்சியத்தைக் கரைத்து வைத்திருந்த காபனீரொட்சைட்டைப் புதிய சுண்ணாம்பு கவர்ந்துகொள்ள, இரண்டும் வெண்படிவாய் அடியிற் தங்கின.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவும் சுண்ணக்கற் பாறையில் அகழ்ந்தவை. அங்கு கேத்திலினடியிற் படியும் வெண்பொருக்கும், சலவையில் திரையும் சவர்க்காரமும் ஒரு காரணத்தின் இரு விளைவுகளே.